தெக்கோங்கில் ஒரு நாள் எப்படிப் போகிறது, ஏன் அப்படிப் போகிறது

சிங்கப்பூரில் கட்டாய ராணுவப் பயிற்சிக்குச் சேரும் பையன்களை, சாங்கி படகுத்துறையிலிருந்து புலாவ் தெக்கோங் தீவுக்குக் கொண்டுபோகும் படகில் முதல் நாள் மட்டும் பெற்றோருக்கும் இடம் உண்டு. பிள்ளை தங்கப்போகும் அறையைப் பார்க்கலாம். கட்டில், அலமாரி, குளியலறை எல்லாவற்றையும் எட்டிப் பார்க்கலாம். அவன் இனிமேல் சாப்பிடப்போகும் சாப்பாட்டை அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டும் பார்க்கலாம். அப்புறம் உறுதிமொழி எடுப்பார்கள். அது முடிந்ததும் பெற்றோர் படகுக்குத் திரும்ப, பையன்கள் முடிவெட்ட வரிசையில் நிற்பார்கள். மொட்டை என்றாலே நேர்த்திக்கடன் என்று பழகிய தமிழ்த் தாய்மாருக்கு அந்த மொட்டையை ஏற்றுக்கொள்வது அவ்வளவு எளிதில்லை.

சிங்கப்பூரில் குடியுரிமை பெற்ற ஆண்பிள்ளைகளும், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளில் ஆண்களும் பதினெட்டு வயதை ஒட்டி இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்தாக வேண்டும். பலருக்கு அதன் முதல் கட்டம் தெக்கோங்கில் நடக்கும் அடிப்படை ராணுவப் பயிற்சி. நல்ல உடல்தகுதி உள்ளவர்களுக்கு வழக்கமாக 9 வாரம், உடல்பருமன் அதிகமுள்ளவர்களுக்கு 19 வாரம் வரை. முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு வரவே முடியாது.

பெற்றோர் கேட்கும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: சாப்பாடு நன்றாக இருக்குமா, அடிப்பார்களா, இவன் தாங்குவானா? முடித்துவிட்டு வரும் பையன்களிடம் கேட்டால் அவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள். ஓட்டமும் தண்டாலும் கஷ்டம்தான், ஆனால் சில வாரத்தில் உடம்பு பழகிவிடுகிறது. எனக்கென்று ஐந்து நிமிடம் இல்லாமல் இருந்ததுதான் கஷ்டம் என்பார்கள். அவர்கள் சொல்வது சரி என்றே நான் நினைக்கிறேன். அந்த முகாமில் எதைப் புரிந்துகொள்ள வேண்டுமானாலும் நேரத்தைப் பின்தொடர்ந்து போனால் போதும். அங்கே பரிசும் நேரம்தான், தண்டனையும் நேரம்தான்.

ஏன் அப்படி ஆனது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூருக்கு இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். அவற்றிலும் கணிசமானோர் மலேசியர்கள். சம்பளம் கொடுத்துப் பெரிய படை வைத்துக்கொள்ளப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அமைச்சர் கோ கெங் சுவீ தற்காப்பைக் கவனித்த அந்த நாட்களில் இஸ்ரேலிலிருந்து ராணுவ ஆலோசகர்கள் வந்தார்கள். யார் என்று வெளியே தெரியக்கூடாது என்பதால் அவர்களை ‘மெக்சிகர்கள்’ என்று அழைத்தார்கள். 1967 மார்ச் 14 அன்று தேசிய சேவைச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இரண்டு வாரத்தில், மார்ச் 28 அன்று, பதிவு தொடங்கியது. அந்த முதல் தொகுதியில் ஏறக்குறைய 9,000 இளைஞர்கள். அவர்களில் பத்தில் ஒரு பங்கினர்தான் முழுநேரச் சேவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு அந்த ஆகஸ்டில் முகாமுக்குப் போனார்கள்.

மக்கள் இதை ஆசையோடு வரவேற்றுவிடவில்லை. 1954இல் பிரிட்டிஷ் அரசு கட்டாயச் சேவையைக் கொண்டுவந்தபோது சீனப் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்; மே 13 அன்று போலீசோடு மோதல் வெடித்தது. நல்ல இரும்பை ஆணியாக அடிக்க மாட்டார்கள், நல்ல பிள்ளை சிப்பாயாக மாட்டான் என்று சீனத்தில் ஒரு பழமொழியே உண்டு. அதனால்தான் 1967இல் சமூக நிலையங்களில் பிரியாவிடை விருந்து வைத்து, மரியாதை செய்து பையன்களை அனுப்பினார்கள். இன்று முதல் நாள் படகில் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு போவதும் அதே எண்ணத்தின் தொடர்ச்சி என்று எனக்குத் தோன்றுகிறது. குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் இந்த ஏற்பாடு ஓடாது.

இப்படிச் சட்டத்தால் அழைத்துவந்த ஒரு படையை நடத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. சம்பளத்துக்கு வந்த ஆளை வேலையைவிட்டு எடுத்துவிடுவேன் என்று சொல்லலாம், சம்பளத்தை உயர்த்துகிறேன் என்றும் சொல்லலாம். கட்டாயத்தால் வந்தவனிடம் இரண்டுமே எடுபடாது. அவன் வாங்குவது ஊதியம் கிடையாது, ஒரு படித்தொகை. 2025 ஜூலை முதல் புதிதாகச் சேர்பவருக்கு அது மாதம் 790 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். நன்றாகச் செய்தாலும் மோசமாகச் செய்தாலும் அதில் பெரிய மாற்றம் வராது. ஆக, அவனிடமிருந்து எடுக்கவும் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவும் நிர்வாகத்தின் கையில் இருப்பது அவனுடைய நேரம்தான்.

சரி, ஒரு நாளைப் பார்ப்போம். காலை ஐந்தரைக்கு விளக்குகள் எரியும். ஒரு பங்க்கில், அதாவது ஓர் அறையில், பன்னிரண்டு முதல் பதினாறு பேர். பல் தேய்த்து, முகம் மழித்து, படுக்கையை மடித்து, சீருடை மாட்டி, பூட்ஸ் கட்டிக் கீழே வரிசையில் நிற்க ஒதுக்கப்படுவது சில நிமிடங்கள். வந்தவர்களை எண்ணுவார்கள். ஒருவன் குறைந்தாலும் மற்ற எல்லோரும் அவனுக்காக நிற்க வேண்டும். முகாமில் ஒருவனுடைய தாமதம் அவனோடு முடிவதே இல்லை. தன் பூட்ஸைக் கட்டிவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரனுக்குப் போர்வை மடிக்க உதவுகிற பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. தியாகம், தோழமை என்று பெரிய வார்த்தைகள் வருவதற்கு முன்பே அது வந்துவிடுகிறது, ஏனென்றால் அவன் தாமதித்தால் நானும்தான் நிற்க வேண்டும்.

இந்தப் பக்கத்துக் கட்டில்காரன் முக்கியமானவன். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடியைக் கொடுத்துவிடுவார்கள். தண்ணீர் குடித்தானா, அடையாள அட்டை வைத்திருக்கிறானா, துப்பாக்கி பத்திரமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அவனை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பள்ளியில், அடுக்குமாடியில், கோயிலில் என்று நமக்குப் பழகிய வட்டத்துக்கு வெளியே இருந்து ஒருவன் வருவான். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவனும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கி வைத்திருப்பவனும் ஒரே கூடாரத்தில் படுப்பது சிங்கப்பூரில் வேறெங்கும் அநேகமாக நடக்காது.

காலை உணவு, அதன்பின் பயிற்சி. அணிவகுப்பு, உடற்பயிற்சி, துப்பாக்கிப் பாடம், தடைதாண்டும் ஓட்டம் என்று நாளுக்கு நாள் மாறும். துப்பாக்கி, சிங்கப்பூரிலேயே தயாரித்த எஸ்ஏஆர் 21. அதைப் பிரித்துப் பூட்டவும் துடைக்கவும் கற்றுக்கொள்வதில் பல மணி நேரம் போகும். உடல்தகுதிச் சோதனை 2015இல் எளிமையாக்கப்பட்டது. தண்டால், எழுந்தமர்தல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் மூன்றுக்கும் சேர்த்து 100 புள்ளி, 85 வாங்கினால் தங்கம். சாப்பாட்டுக்கூடத்தில் முஸ்லிம் உணவு, முஸ்லிமல்லாதோர் உணவு, சைவம் என்று தனித்தனி வரிசைகள். சாப்பாடு பெரும்பாலும் பரவாயில்லை ரகம்தான். அதைச் சாப்பிடத் தரும் அவகாசம்தான் முதல் வாரத்தில் தொண்டையில் சிக்கும்.

தண்ணீர் குடிப்பதற்குக்கூட ஒரு வரிசை உண்டு. எல்லோரும் நின்று, உத்தரவு வந்ததும் புட்டியைத் தூக்கிக் குடித்து, கவிழ்த்துக் காட்ட வேண்டும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே, ஈரப்பதம் மிகுந்த ஊரில், முழுச் சீருடையோடு நடக்கும் இளைஞனுக்கு முதல் எதிரி வெப்பம். வியர்வை உலராது, உடம்பு குளிராது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஓர் அளவீட்டை வைத்து, எத்தனை நிமிடம் பயிற்சி, எத்தனை நிமிடம் ஓய்வு என்று வண்ணக் குறியீட்டின்படி தீர்மானிக்கிறார்கள். இரவில் ஏழு மணி நேரம் இடையூறில்லாத தூக்கம் என்ற விதியும் அதற்காகத்தான், தூங்காத உடம்பு வெப்பத்தைத் தாங்காது. இந்த விதிகளில் சில, உயிர்களைக் கொடுத்துக் கற்றவை. 2018 ஏப்ரலில் ஓர் இளம் வீரர் வேகநடைப் பயிற்சிக்குப் பின் வெப்பத் தாக்கத்தால் இறந்தார். அதன்பின் முன்கைகளைக் குளிர்நீரில் அமிழ்த்தி உடல் சூட்டைக் குறைக்கும் தொட்டிகள் வந்தன. 2019இல் பாதுகாப்பை மேற்பார்வையிடத் தனியாக ஒரு தலைமை ஆய்வாளர் அலுவலகம் அமைந்தது. தன் விருப்பத்தால் வராத ஒரு பிள்ளையை அழைத்துக்கொள்ளும் அரசு, அவனை முழுதாகத் திருப்பி அனுப்பும் கடனையும் ஏற்கிறது. இந்த விஷயத்தில் எவ்வளவு கெடுபிடி இருந்தாலும் அதை அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

உத்தரவு போடுபவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பிரிவுத் தலைவராக வரும் சார்ஜெண்ட் பெரும்பாலும் இன்னொரு தேசிய சேவையாளர்தான். போன வருடம் இதே தீவில் மொட்டைத் தலையோடு நின்றவர், வயது பத்தொன்பதோ இருபதோ இருக்கும். அவரும் தன் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவர். அனுபவமுள்ள மூத்த வாரண்ட் அதிகாரி மட்டும் நிரந்தரப் படைக்காரராக இருப்பார். அவர் எந்த இனத்தவராக இருந்தாலும் ‘என்சிக்’ என்றே கூப்பிட வேண்டும். மலாயில் ‘ஐயா’ என்பது போன்ற சொல் அது. ஒரு தமிழ் வாரண்ட் அதிகாரியைத் தமிழ்ப் பையன் ‘என்சிக்’ என்று கூப்பிடுவது அங்கே இயல்பு.

அணிவகுப்பு உத்தரவுகளும் மலாய்தான், ஏனென்றால் நாட்டின் தேசிய மொழி அது. ‘செடியா’ என்றால் விறைத்து நிற்க வேண்டும், ‘செனாங் டிரி’ என்றால் தளர்ந்து நிற்கலாம். பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். பங்க்குக்குள் புழங்கும் பேச்சு, ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியும் மலாயும் கலந்தது. தொடக்க காலத்தில் ஆங்கிலம் தெரியாத சீன இளைஞர்களுக்காக ஹொக்கியன் பேசும் தனி அணிகளே இருந்தன, அந்த வாடை இன்னும் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லி ஒதுங்குகிறவன் ‘கெங்’ செய்கிறான். மேலதிகாரி பார்க்கும்போது மட்டும் உழைக்கிறவன் ‘வாயாங்’ போடுகிறான், மலாயில் கூத்து என்று பொருள். தன் தவறால் எல்லோரையும் மாட்டிவிடுகிறவன் ‘சாபோ’ செய்தவன். இந்தச் சொற்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். பெரும்பாலானவை அடுத்தவன் நேரத்தைத் தின்பவனுக்கு வைத்த பெயர்கள். ‘கெங்’ செய்பவனுடைய வேலை இன்னொருவன் தலையில் விழுகிறது, ‘சாபோ’ செய்தவனால் எல்லோருடைய ஓய்வும் போகிறது.

சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் ஏறக்குறைய 9 விழுக்காடு. பதினான்கு பேர் பிரிவில் ஓர் இந்தியன் இருப்பான், அவன் தமிழனாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதனால் பல தமிழ்ப் பையன்களுக்கு நாள் முழுக்கத் தமிழ் பேச ஆள் இருக்காது. இரவு குளித்து, அறையையும் நடைபாதையையும் கழிப்பறையையும் கூட்டித் துடைத்து, மறுநாள் வேலைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பின் கொஞ்ச நேரம் கைப்பேசி கிடைக்கும். அந்தச் சில நிமிடத்தில்தான் அவன் தமிழ் பேசுவான், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி. முன்பெல்லாம் கேமரா இல்லாத கைப்பேசியை இதற்கென்றே தேடி வாங்கிக் கொண்டுபோவார்கள். பத்தரைக்கு விளக்கணையும். அதற்குமேல் பேசினால் பேய்க்கதைதான்: மூன்று கதவு வைத்த பங்க், அணிநடையில் காணாமற்போன பையன் என்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் கதைகள்.

இனி நேரக்கணக்குக்கு வருவோம். வெள்ளி இரவோ சனி காலையோ வீட்டுக்கு விடுவது ‘புக் அவுட்’, ஞாயிறு இரவு திரும்புவது ‘புக் இன்’. ஒருவன் தப்புச் செய்தால், துப்பாக்கி சுத்தமில்லை, அலமாரி பூட்டவில்லை என்று ஏதாவது இருந்தால், விடுமுறையில் சில மணி நேரமோ ஒரு நாளோ வெட்டுப்படும். கூடுதல் காவல்முறை விழுந்தால் வார இறுதியே போய்விடும். அதை ‘எரிந்துபோனது’ என்பார்கள். தண்டாலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, வார இறுதி எரிந்தால் முகம் கறுத்துவிடும். காய்ச்சலோ காலில் அடியோ என்று பயிற்சி நாட்கள் அளவுக்குமேல் தவறிவிட்டால் அடுத்த தொகுதியோடு முதலிலிருந்து தொடங்க நேரும். பெரிய குற்றத்துக்குத் தடுப்பு முகாம், அங்கே கழியும் நாட்கள் சேவைக் கணக்கில் சேராது. மறுபுறம், சேருவதற்கு முன்பே உடல்தகுதிச் சோதனையில் தேறிவிட்டால் சேவையில் இரண்டு மாதம் குறைகிறது. முன்பு கார்ப்பரலும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு இரண்டரை ஆண்டாக இருந்த சேவைக்காலம், 2004இல் எல்லோருக்கும் இரண்டு ஆண்டு என்று குறைக்கப்பட்டது. அன்று உள்ளே இருந்தவர்கள் அந்தச் செய்தியை இன்றும் நாள், தேதியோடு சொல்வார்கள்.

பக்கத்து நாடான மலேசியாவில் 2004இல் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சி இன்னொரு வகை. கணினிக் குலுக்கலில் பெயர் விழுந்த ஆண், பெண் இரு தரப்பும் மூன்று மாதம் போனார்கள். இனங்களைக் கலக்க வைப்பது நோக்கம். அது 2018இல் கைவிடப்பட்டு, பிறகு குறுகிய வடிவில் திரும்பவும் தொடங்கியிருக்கிறது. குலுக்கலில் தப்பியவனைப் பார்த்து மாட்டியவன் ஏங்கும் நிலை சிங்கப்பூரில் வராமல் இருப்பதற்குக் காரணம், ஆண்பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் போகிறார்கள் என்பதே. அமைச்சர் மகனும் போகிறான்.

ஒன்பது வாரத்தில் மறக்க முடியாதது எது என்று கேட்டால் பெரும்பாலோர் காட்டு முகாமைச் சொல்வார்கள். ஆறு பகல், ஐந்து இரவு. ஜோடியின் மழைத்துணியும் தன் மழைத்துணியும் சேர்த்துக் கட்டினால்தான் ஒரு கூடாரம், ஆளுக்குப் பாதி. மடக்கு மண்வெட்டியால் படுக்கும் அளவுக்குக் குழி தோண்ட வேண்டும். மழை வந்தால் தோண்டிய குழியில் தண்ணீர். குளியல் கிடையாது, உடம்பெல்லாம் பவுடர் கொட்டித் தேய்த்துக்கொள்வதுதான் குளியல். உறையைப் பிரித்துச் சாப்பிடும் உணவு, முகத்தில் பச்சையும் கறுப்பும் பூச்சு, கொசு, காட்டுப்பன்றி. இதே தீவுக்கு 1990இல் ஜொகூரிலிருந்து மூன்று யானைகள் கடலை நீந்திக் கடந்து வந்தன, பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். முகாம் தவிர மீதியில் பெரும்பகுதி காடு. 1980களில் கடைசிக் கிராமத்தவரையும் பெருந்தீவில் குடியமர்த்திவிட்டார்கள்.

அந்த ஐந்து இரவில் ஒன்றில் கடிதம் வரும். பெற்றோரிடம் முன்பே எழுதி வாங்கி வைத்திருப்பார்கள், பையனுக்குத் தெரியாது. இருட்டில், சிறு விளக்கு வெளிச்சத்தில், சாயம் பூசிய முகத்தோடு உட்கார்ந்து படிப்பார்கள். அழாதவர்கள் குறைவு. ஆங்கிலத்தில் எழுத வராத தமிழ்த் தாய் தமிழில்தான் எழுதுவார். பள்ளியில் இரண்டாம் மொழியாக மட்டும் தமிழ் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்ட பையன் அதை எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும். மற்றவர்கள் படித்து மடித்து வைத்த பிறகும் அவன் பாதியில்தான் இருப்பான். அவசரப்படுத்தாத சார்ஜெண்ட் கிடைத்தால் அது பாக்கியம். எல்லாமே நிமிடக் கணக்கில் ஓடும் அந்த ஒன்பது வாரத்தில், இந்த ஓர் இரவு மட்டும் யாரும் கடிகாரம் பார்க்காமல் விடுவதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். அழ ஒரு வாய்ப்புக் கொடுத்தால்தான் மறுநாள் குழி தோண்டுவான் என்று அனுபவத்தில் தெரிந்திருப்பார்கள்.

கடைசியில் 24 கிலோமீட்டர் அணிநடை. பல ஆண்டுகள் அது மரினா பே மிதக்கும் மேடையில் முடிந்தது. தொப்பிகளை வானத்தில் எறிவார்கள். அப்புறம் அதிகாரிப் பள்ளியா, சார்ஜெண்ட் பயிற்சியா, ஏதாவது ஒரு பிரிவா என்ற பிரிப்பு. மீதி நாட்கள் அங்கே. இரண்டு ஆண்டு முடிந்தாலும் முடிவதில்லை, பத்து ஆண்டுச் சுழற்சிக்கு ஆண்டில் 40 நாள் வரை திரும்பக் கூப்பிடலாம்.

தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்து நிரந்தரவாசம் வாங்கும் குடும்பங்கள் இதை முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அப்பாவுக்குக் கடமை இல்லை, அவர் மூலம் நிரந்தரவாசம் பெறும் மகனுக்கு உண்டு. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால் பின்னாளில் அவன் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது கணக்கில் எடுக்கப்படும். அழைப்பை மதிக்காமல் இருந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டம் இருக்கிறது. எட்டு வயதுப் பையனுக்குப் படிவம் நிரப்பும்போது பதினெட்டு வயது வெகுதொலைவில் இருப்பதாகத் தோன்றும். அந்தப் பத்து வருடம் எப்படிப் போனது என்றே தெரியாமல் ஒரு நாள் கடிதம் வந்துவிடும்.

ஞாயிறு மாலைகளில் பாசிர் ரிஸ் ரயில் நிலையத்துக்குப் போனால் மொட்டைத் தலையோடு, முதுகில் பையோடு பையன்கள் கூட்டம் கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம். அங்கிருந்து பேருந்து, அப்புறம் படகு. கூடவே வந்த அப்பா பையைக் கொஞ்ச தூரம் தூக்கிவருவார், நண்பர்கள் தெரிந்ததும் பையன் வாங்கிக்கொள்வான். அந்த வாரங்களில் அப்படிப்பட்ட வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு நாலு மணிக்கே தட்டில் இருக்கும். அம்மா மூன்று மணிக்குக் குழம்பை இறக்கிவிட்டு, அவன் இன்னும் தூங்குகிறானா என்று கதவைத் திறந்து பார்ப்பார், எழுப்பாமல் இன்னும் பத்து நிமிடம் விட்டுவைப்பார்.